உடையும் பொருளும் பயணப் பெட்டியும்: வில்லாபுரத்திலிருந்து புறப்படுவோர்க்கு

தண்டுள்ள கண்ணாடிக் கோப்பைகளைப் பயணத்தில் கொண்டுசெல்வதற்கென்றே செய்யப்பட்ட பெட்டிகள் மதுரைக் கடைவீதிகளில் எளிதில் அகப்படுவதில்லை என்றாலும், அத்தகைய பெட்டிக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் இந்நகரின் வெவ்வேறு தொழில்களில் அன்றாடம் புழங்குகின்றன. மல்லிகை மொட்டுகளை விமானத்தில் அனுப்புவோர் தெர்மோகோல் பெட்டியையும், பழ வணிகர் குழியிட்ட காகிதக்கூழ்த் தட்டையும், மெத்தைக் கடைக்காரர் இலவம்பஞ்சையும், திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்வோர் வைக்கோலையும் பழைய நாளிதழையும் நம்பியே தொழில் நடத்துகின்றனர். வில்லாபுரத்தில் குடியிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ உடையும் பொருளுடன் புறப்படும் ஒருவர், விலையுயர்ந்த ஆயத்தப் பெட்டியைத் தேடி அலைவதைக் காட்டிலும், அந்தப் பொருள் எவ்வாறு உடைகிறது என்பதை அறிந்துகொண்டு இவ்வுறுப்புகளைத் தக்கவாறு ஒன்றுசேர்ப்பதே சிறந்தது என்பது இவ்வியலின் நிலைப்பாடு.

கண்ணாடி உடையும் விதம்

மணல், சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றை உருக்கிச் செய்யப்படும் சாதாரணக் கண்ணாடி, அழுத்தத்தை நன்றாகவே தாங்கும். இழுப்பையும் வளைவையுமே அதனால் தாங்க இயலாது. கண்ணுக்குப் புலப்படாத நுண்கீறல்கள் கண்ணாடியின் மேற்பரப்பில் எப்போதும் இருக்கின்றன என்பதையும், இழுப்பு ஏற்படும்போது அக்கீறல்களின் நுனியில் விசை குவிந்து விரிசல் ஓடுகிறது என்பதையும் ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி இழைகளையும் குழாய்களையும் கொண்டு நிறுவினார். இதிலிருந்து பயணிக்குக் கிடைக்கும் முதற்பாடம், ஒரு கோப்பையோடு மற்றொரு கோப்பை உரசினால் அன்றே உடையாவிட்டாலும் புதிய கீறல் விழுந்து, அடுத்த பயணத்திலோ அடுத்த கழுவலிலோ அது உடைவதற்கு வழி பிறக்கிறது என்பதாகும்.

ஒயின் கோப்பைக்குக் கிண்ணம், தண்டு, பாதம் என மூன்று உறுப்புகள் உண்டு. கிண்ணத்தின் விளிம்பு மிக மெல்லியது. தண்டு மெலிந்து நீண்டது. கிண்ணமும் தண்டும் கூடுமிடம் வளைவு விசை வந்து தங்கும் இடம். கோப்பையைப் படுக்கவைத்துக் கிண்ணத்தையும் பாதத்தையும் மட்டும் தாங்கலில் இருத்தி, நடுவிலுள்ள தண்டை வெற்றிடத்தில் விட்டுவிட்டால், பெட்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தண்டு வளைய முற்படுகிறது. ஆகவே தண்டைச் சுற்றி மென்தாளையோ ஃபோமையோ பலமுறை சுற்றி, கிண்ணத்தின் பருமனுக்கு அதனை உயர்த்தி, முழுக் கோப்பையையும் ஓர் உருளை வடிவத்துக்குக் கொண்டுவருவதே பொதிதலின் முதற்படியாக அமைதல் வேண்டும். கிண்ணத்தின் உட்புறத்தையும் நிரப்பலாம். எனினும் தளர்வாகவே நிரப்ப வேண்டும், ஏனெனில் திணித்து நிரப்பிய தாள் கிண்ணத்தை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது, கண்ணாடியால் தாங்க முடியாத இழுப்பு என்பது அதுவேயாகும்.

மெத்தையின் கனம்

மெத்தை என்று இங்குக் குறிப்பிடப்படுவது, பொருளுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே இருந்து, விழும் வேகத்தைச் சிறிது தூரத்துக்குப் பரப்பித் தணிக்கும் எந்தப் பொருளும் ஆகும். இடுப்பளவு உயரமான 75 செ.மீ.-இலிருந்து ஒரு பெட்டி கைநழுவி விழுவதாகவும், உள்ளிருக்கும் மெத்தை 2.5 செ.மீ. நசுங்கிக் கோப்பையை நிறுத்துவதாகவும் கொண்டால், அந்தக் கணத்தில் கோப்பையின் மீது அதன் எடையைப் போல் சராசரியாக 30 மடங்கு விசை பாய்கிறது, மெத்தை 1.5 செ.மீ. மட்டுமே நசுங்குமானால் அது 50 மடங்காக உயர்கிறது. உச்ச விசை இந்தச் சராசரியையும் விஞ்சும். எந்த மெத்தையும் தன் முழுக் கனத்துக்கும் நசுங்கிக்கொடுக்காது என்பதால், ஏறத்தாழப் பாதிக் கனமே பயன்படும் என்று கொண்டு கணக்கிடுவது பாதுகாப்பானது. மெத்தை மிகக் கடினமாக இருந்தால் நசுங்காமலே அடியைக் கடத்திவிடும். மிக மென்மையாக இருந்தால் முழுதும் நசுங்கிக் கோப்பையைச் சுவரோடு மோதவிடும். இரண்டிற்கும் இடைப்பட்டதைக் கைவிரலால் அழுத்திப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம்.

மதுரையில் கிடைக்கும் மெத்தைப் பொருள்களுள் தெர்மோகோலை முதலில் கருத வேண்டும். பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் உப்பவைத்து அச்சில் ஒட்டச்செய்வதால் உருவாகும் இப்பொருளின் பெரும்பகுதி காற்றே. முதல் அடியை நன்றாக வாங்கிக்கொள்ளும், ஆனால் நசுங்கிய இடம் மீண்டும் எழாது என்பதால் ஒருமுறை பலமாக அடிபட்ட பெட்டியை மறுபடி நம்பலாகாது. தொலைக்காட்சிப் பெட்டிகளோடு வரும் வெண்ணிறப் பாலிஎத்திலீன் ஃபோம் நசுங்கியபின் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதால், திரும்பத் திரும்பப் பயணிப்போர்க்கு அதுவே ஏற்றது. பபுள் ராப் எனப்படும் குமிழித்தாள் 1957-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் ஆகிய இருவர் சுவர்த்தாள் செய்ய முயன்றபோது பிறந்தது. இரண்டு சுற்றுச் சுற்றினால் கோப்பையை உரசலிலிருந்து அது நன்கு காக்கும், ஆயினும் பெட்டியின் முழுப் பாதுகாப்பையும் அதன்மேல் சுமத்துதல் தகாது. கசக்கிய நாளிதழ் மலிவானது. ஆனால் பேருந்தின் அதிர்வில் சில மணி நேரத்துக்குள் அது படிந்து அடங்கி, மேலே வெற்றிடம் தோன்றிவிடுகிறது என்பதால், நாளிதழைப் பயன்படுத்துவோர் சற்று மிகையாகவே நிரப்பி மூடியை அழுத்தி மூடவேண்டும்.

இவ்வளவுக்கும் அப்பால், தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து வரும் இலவம்பஞ்சு போதிய கவனம் பெறாமலிருப்பது வருந்தத்தக்கது. அதன் இழைகள் உள்ளீடற்றவை. ஆகவே எடை மிகக் குறைவு, மீளும் தன்மையும் உண்டு. பஞ்சை வெறுமனே தூவாமல், பழைய வேட்டித் துணியில் கையகலத் தலையணைகளாகத் தைத்துக்கொண்டால், ஒவ்வொரு கோப்பையின் இருபுறமும் ஒன்றை வைத்து எத்தனை பயணத்துக்கும் பயன்படுத்தலாம். பஞ்சு கட்டிதட்டினால் வெயிலில் உலர்த்தி உதறினால் போதும்.

பெட்டிகள்

அட்டைப்பெட்டியின் சுவர் என்பது இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே ஓர் அலைத்தாள் ஒட்டப்பட்டது. அதனை வணிகர் 3 பிளை என்பர், அலைத்தாள் இரண்டு இருந்தால் 5 பிளை என்பர். அலைத்தாள் அட்டை முதன்முதலில் 1856-இல் இங்கிலாந்தில் தொப்பிகளுக்கு உள்வரியாகக் காப்புரிமை பெற்றது என்றாலும், அதனைப் பொதிவதற்கான பொருளாக மாற்றியவர் 1871-இல் நியூ யார்க்கில் காப்புரிமை பெற்ற ஆல்பர்ட் ஜோன்ஸ். அவர் கருதியவை கண்ணாடிப் புட்டிகளும் விளக்குக் கண்ணாடிகளுமே. உடையும் பொருளுக்கு எப்போதும் 5 பிளைப் பெட்டியையே கொள்ள வேண்டும். அட்டையின் பலம் ஈரத்தில் பெரிதும் குன்றுகிறது. மதுரைக்கு மழையின் பெரும்பங்கைத் தரும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலமான ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பேருந்தின் டிக்கியில் வைக்கப்படும் அட்டைப்பெட்டியை, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் பிளாஸ்டிக் உறையிட்டே ஏற்றவேண்டும்.

கீழமாசி வீதியின் மொத்த மளிகைக் கடைகளிலும் பழைய பேப்பர் கடைகளிலும் ஒருமுறை பயன்பட்ட பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். மூலைகள் மடிந்தவற்றை விலக்க வேண்டும், ஏனெனில் அடுக்கிய பெட்டியின் மேற்சுமையைப் பெரும்பாலும் மூலைகளே தாங்குகின்றன. டாஸ்மாக் கடைகளுக்குப் புட்டிகள் வந்திறங்கும் 12 அறைப் பெட்டிகளில் குறுக்கட்டைகள் ஆயத்தமாகவே இருப்பது பெரும் வசதி. எனினும் புட்டிக்கென அமைந்த அந்த அறைகள் 8 செ.மீ. அளவிலேயே இருப்பதால், 9 செ.மீ. அகலமுள்ள ஒயின் கிண்ணம் அவற்றுள் நுழையாது, ஒல்லியான நெடுங்கோப்பைகளுக்கே அவை பொருந்தும். பரந்த கிண்ணங்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு குறுக்கட்டையை நீக்கி, எஞ்சும் இடத்தை மெத்தையால் நிரப்பிக்கொள்ளலாம்.

மாட்டுத்தாவணிப் பழச் சந்தையில் ஆப்பிள் பெட்டிகளோடு வரும் குழியிட்ட காகிதக்கூழ்த் தட்டுகளும், முட்டை வணிகத்தின் 30 குழித் தட்டுகளும் பெட்டியின் அடியிலும் மேலும் பரப்புதற்கு மிக ஏற்றவை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜோசப் காயில் என்ற பத்திரிகையாளர் 1911-இல் முட்டைக்குத் தனித்தனி அறையுள்ள காகிதப் பெட்டியை வடிவமைத்த நாள்முதல், குழியின் கூம்புகள் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் இந்த உத்தி உலகெங்கும் பரவியுள்ளது. நசுங்கிய தட்டு தன் கடமையை முடித்துவிட்டது என்று கொண்டு அதனை மாற்றிவிட வேண்டும்.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி வெளிநாட்டுக்கு ஏறும் தெர்மோகோல் பெட்டி, குளிரைக் காப்பதற்காக அமைந்ததாயினும், அதன் கனத்த சுவர் அடியைத் தாங்கவும் உதவுகிறது. அதனை அட்டைப்பெட்டிக்குள் இறக்கி இரட்டைப் பெட்டியாக்குவது சிறந்த முறை. தனியே பயன்படுத்தினால் கயிறு இறுக்கும் இடத்தில் விளிம்பு பிளக்கும். மீன் வந்த தெர்மோகோல் பெட்டிகளை எவ்வளவு கழுவினாலும் வாடை நீங்காது என்பதால், குடிக்கும் கோப்பைக்கும் கொலுப் பொம்மைக்கும் அவை முற்றிலும் ஆகா. பாச்சை உருண்டைகளைத் தெர்மோகோல் பெட்டியினுள் ஒருபோதும் இடக்கூடாது; அவற்றிலுள்ள நாப்தலீன் பாலிஸ்டைரீனைக் கரைத்துக் குழிவிழச் செய்யும். பெட்ரோலும் வண்ணத்தில் கலக்கும் தின்னரும் இவ்வாறே தீங்கு செய்வன.

புகைப்படக் கருவிகளுக்கென விற்கப்படும் கடினப் பிளாஸ்டிக் பெட்டிகள், உள்ளேயுள்ள ஃபோமைப் பொருளின் வடிவுக்கு வெட்டிக்கொள்ளும் வசதியுடையவை. விலை மிகுதி என்றாலும், ஆண்டுக்குப் பலமுறை பயணிப்போர்க்கு அது வீண்செலவாகாது.

நான்கு கோப்பைக்கு ஒரு பெட்டி

பெட்டியின் அளவைக் கோப்பையிலிருந்து மட்டும் கணக்கிடாமல், வண்டியிலிருந்தும் கணக்கிட வேண்டும். ரயில் பயணிகள் தம்மோடு கொண்டுசெல்லும் பெட்டி பொதுவாக 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்கவேண்டும் என்றும், மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் குளிர்சாதன இருக்கைப் பெட்டியிலும் 55, 45, 22.5 செ.மீ. அளவுக்குள் இருக்கவேண்டும் என்றும் இந்திய ரயில்வே விதித்துள்ளது. இந்திய விமான நிறுவனங்கள் கைப்பைக்குப் பொதுவாக 55, 35, 25 செ.மீ. அளவையும் 7 கிலோ எடையையும் எல்லையாகக் கொள்கின்றன. 22 செ.மீ. உயரமுள்ள கோப்பையை நிற்கவைத்து மேலும் கீழும் மெத்தையிட்டால் பெட்டியின் உயரம் 30 செ.மீ.-ஐத் தாண்டிவிடும் என்பதால், அப்பெட்டி இருக்கையின் அடியிலோ மேற்பேழையிலோ படுத்தே பயணிக்க நேரிடும். எனவே எந்தப் பக்கம் திரும்பினாலும் கோப்பை அசையாதவாறு அமைந்த பெட்டியே பயணப் பெட்டி; மேற்புறத்தைச் சுட்டும் அம்புக்குறியை நம்பி அமைந்தது அப்பெயருக்குத் தகாது.

ஒரு கோப்பையின் கிண்ணம் 9 செ.மீ. அகலம் என்றால், இருபுறமும் 1.5 செ.மீ. சுற்றுறை சேர்த்து அதன் அறை 12 செ.மீ. ஆகிறது, மேலும் கீழும் அவ்வாறே சேர்த்தால் உயரம் 25 செ.மீ. ஆகிறது. ஆறு கோப்பைகளை இரு வரிசையாக அடுக்கினால் பெட்டி பருத்துப்போய் விமானக் கைப்பையின் எல்லையைக் கடந்துவிடும். நான்கு கோப்பைகளை ஒரே வரிசையில் நிறுத்தினால் உட்பெட்டி 48 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் கொள்ளும், ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. ஃபோமும் அரை செ.மீ. அட்டையும் சேர்க்க, வெளிப்பெட்டி 55, 19, 32 செ.மீ. அளவில் அமையும். இந்த ஒரே பெட்டி விமானக் கைப்பையின் எல்லைக்குள்ளும் மூன்றடுக்குக் குளிர்சாதன ரயில் பெட்டியின் எல்லைக்குள்ளும் அடங்குவது இவ்வடிவத்தின் சிறப்பு. கையோடு வரும் பெட்டிக்கு 3 செ.மீ. மெத்தை போதும்; விமானத்தின் சரக்கறைக்கோ ரயிலின் பார்சல் அலுவலகத்துக்கோ ஒப்படைப்பதாயின் ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ.-க்குக் குறையலாகாது.

பெட்டியை மூடியபின் ஆறு பக்கமும் திருப்பி மெதுவாகக் குலுக்கிப் பார்க்கவேண்டும். ஒலி எழுந்தாலோ உள்ளே எதுவும் நகர்வது கைக்குத் தெரிந்தாலோ பொதிதல் நிறைவுறவில்லை. மலிவான கண்ணாடி டம்ளர்களை முதலில் அவ்வறைகளில் வைத்து, முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டுச் சோதிப்பது, நல்ல கோப்பைகளின் விலையை எண்ணிப் பார்த்தால் மிகவும் பயனுள்ள செலவாகும்.

விளாச்சேரிப் பொம்மைகள்

கண்ணாடிக்குக் கூறியவற்றுள் பெரும்பாலானவை மண்பொம்மைக்கும் பொருந்தும். ஆனால் சில வேறுபாடுகளை மறக்கலாகாது. அச்சிலிட்டுச் சுட்ட மண்பொம்மை உள்ளீடற்றது, சுவர் மெல்லியது. நடுவுடலில் கயிறு இறுகினாலே விரிசல் காணும். கைகள், மகுடம், குழல், குடை போன்ற புறநீண்ட உறுப்புகளே முதலில் உடைவன. கழற்றக்கூடிய உறுப்புகளைக் கழற்றித் தனியே சுற்றி, அதே பெட்டியில் அதே பொம்மையின் அருகில் வைக்கவேண்டும்; கழற்றமுடியாத கையின் மீது மெத்தை அழுந்தாதவாறு, உடலையும் பீடத்தையும் மட்டும் இறுகப் பிடித்து, கையைச் சுற்றி வெற்றிடம் விடுதல் நன்று. தண்டைச் சுற்றி நிரப்பச் சொன்ன முறைக்கு இது நேர்மாறாகத் தோன்றினும், காரணம் தெளிவானது: தண்டு தன் இரு முனையிலும் கிண்ணத்தையும் பாதத்தையும் சுமக்கிறது, பொம்மையின் கையோ தன்னையன்றி வேறெதையும் சுமப்பதில்லை.

வண்ணம் மற்றொரு கவலை. நாளிதழின் மை வெளிர்நிற வண்ணத்தில் ஒட்டும். குமிழித்தாள் வெப்பத்தில் வண்ணத்தின்மீது வட்ட வட்டமாகத் தடம் பதிக்கும். முற்றும் உலராத எனாமல் வண்ணம் தெர்மோகோலை இளக்கி அதனோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பொம்மையைத் தொடும் முதல் உறை, பலமுறை துவைத்து மென்மையான பருத்தித் துணியாக இருத்தல் வேண்டும்; மற்றவை அதற்கு மேலேயே வரவேண்டும். விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்தபின் கொலுவைப் பிரித்துப் பழைய வேட்டி, சேலைத் துண்டுகளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் பரணேற்றும் வீட்டு வழக்கம், இந்த வகையில் முற்றிலும் சரியானது. டிரங்குப் பெட்டியின் தகரம் மேற்சுமையை நன்கு தாங்கினாலும் அடியைத் தணிக்காது. பரணுக்குப் போதுமான அப்பெட்டி பயணத்துக்குப் போதாது, உள்ளே ஆறு பக்கமும் ஃபோம் பரப்பியபின்னரே அதனை வண்டியேற்றலாம். தசாவதாரம் போன்ற தொகுதியைப் பல பெட்டிகளில் பிரிக்காமல், கனமானவை அடியிலும் இலேசானவை மேலுமாக ஒரே பெட்டியில் வைத்து, மூடியின் உட்புறத்தில் பட்டியல் ஒட்டிவிடுவது நலம்.

வைக்கோல் மண்பாண்டத்துக்கும் பொம்மைக்கும் காலங்காலமாக உதவிவந்த நல்ல மெத்தைதான்; மீளுந்தன்மை உடையது, விலை குறைந்தது. ஆனால் ஈரமான வைக்கோல் பூஞ்சை பிடிக்கும், உலர்ந்ததிலும் பூச்சி இருக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவோர் அதனை அறவே தவிர்க்கவேண்டும். பயிர்நோய் பரவும் என்ற அச்சத்தால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் வைக்கோலைப் பொதிபொருளாக அனுமதிப்பதில்லை. மரப்பெட்டியில் சரக்காக அனுப்பினால், ஐ.எஸ்.பி.எம். 15 என்னும் பன்னாட்டு விதியின்படி அம்மரம் உட்புறம்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும், அல்லது வேறு ஏற்கப்பட்ட முறையில் பூச்சிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு இவ்விதி இல்லை என்பதால் அதுவே எளிய வழி.

வழியில்

வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் வழியாகப் பெருங்குடி விமான நிலையம் அருகிலேயே இருப்பதால், விமானப் பயணிக்குத் தொடக்கத் தொலைவு குறைவு; ஆயினும் அங்கே பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்லக்கூடும். பிரவுன் டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டிய பெட்டியை அங்கே கத்தியின்றிப் பிரிப்பது பெரும்பாடு ஆதலால், கைப்பெட்டியைக் கொக்கியாலோ பட்டையாலோ மட்டும் மூடி, டேப்பின் ஒரு சிறு சுருளை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கறைக்குக் கொடுக்கும் பெட்டியில் உடையும் பொருள் என்ற வில்லை ஒட்டப்பட்டாலும், சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்னும் சீட்டில் பயணியின் கையொப்பமும் வழக்கமாகப் பெறப்படுகிறது. வில்லையைக் காப்பீடாகக் கருதுதல் தவறு.

ரயிலில் கீழ்ப்படுக்கையின் அடியே, நடைபாதையை ஒட்டாமல் சுவரை ஒட்டி வைப்பது நல்லது. மாட்டுத்தாவணியிலிருந்தோ ஆரப்பாளையத்திலிருந்தோ பேருந்தில் செல்வோர் டிக்கியைத் தவிர்த்து மடியிலோ காலடியிலோ பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டும். பின்சக்கரத்துக்குப் பின்னுள்ள இருக்கைகளில் துள்ளல் மிகுதி என்பதால் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட இருக்கையே ஏற்றது. ஷேர் ஆட்டோவில் பெட்டியைப் பிறர் கையில் கொடுக்காமலிருப்பது தவிர அங்கே வேறு காப்பு இல்லை.

சென்றடைந்ததும் பெட்டியைத் தரையில் துணி விரித்து அதன்மேல் வைத்துத் திறக்கவேண்டும். சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் கிடந்து சூடேறிய கண்ணாடியை உடனே குளிர்நீரில் கழுவினால் விரிசல் விழும் என்பதால், ஒரு மணி நேரமேனும் நிழலில் ஆறவிடுதல் அவசியம். கோப்பையைத் தண்டைப் பிடித்து இழுக்காமல், பக்கத்து மெத்தையை முதலில் உருவிவிட்டு, கிண்ணத்தின் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். பொம்மையைக் கையையோ மகுடத்தையோ பற்றாமல் பீடத்தில் பிடித்தெடுக்க வேண்டும். பிரித்த தாள்களைக் குப்பையில் இடுமுன் ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்தால், கழற்றிவைத்த சிறு குழலோ வில்லோ அவற்றோடு போய்விடாது.